செருப்பு போடாத செவலை

நல்லூர், திருப்பூர்
12.8.2024

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாள் சாமியாத்தாளுக்கு,

முகம் தெரியாதவள் எழுதும் கடிதம் இது. தயவுசெய்து முழுதும் படித்துவிடுங்கள், பிறகு கோபப்படலாம். நான் பேச்சியம்மாள். இசக்கிமுத்துவின் தாய், உங்கள் மகள் நிர்மலாவின் மாமியார். உங்களுக்கும் சம்பந்திக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். கல்யாணமாகி மூன்று வருடம் கழித்துத்தான் எனக்கு இதை எழுதத் தைரியம் வந்தது.

போன் பண்ணியிருப்பேன். ஆனால் நிர்மலா ஒருநாள் சொன்னாள்: “எங்கம்மாவுக்குக் காது கேக்காதுங்க அத்தை. முப்பது வருசத் தறிச் சத்தத்துல போயிருச்சுங்க. எழுதிக் காட்டுனாத்தான் ஆகும்.” அதனால்தான் நீங்கள் வேலை பார்க்கும் தறிக்குடோன் விலாசத்துக்கு எழுதுகிறேன். அவளுக்கு இது தெரியாது.

நிர்மலாவுக்கு நாலு மாதம். நல்ல செய்தியை முதலில் சொல்லிவிட்டேன். அடுத்தது நல்லதில்லை. பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையிலேயே மயங்கி விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் பார்த்தால் ரத்தம் ஏழுதான். வயிற்றில் கொக்கிப்புழு இருந்து ரத்தத்தைக் குடிக்கிறதாம். டாக்டரம்மா மாத்திரை கொடுத்தார், சத்து ஊசி போட்டார். பிரசவத்துக்குள் அளவு பத்துக்காவது வர வேண்டும், இல்லாவிட்டால் தாய்க்கே ஆபத்து என்று சொல்லிவிட்டார்.

“மாத்திரை மட்டும் போதாதும்மா, அந்த மண்ணுல புழுக்குஞ்சு கெடக்கு, கால் வழியா மறுபடியும் ஏறும்” என்றும் சொன்னார். எங்கள் லைன் வீட்டில் எட்டுக் குடும்பம். பின்னால் துவைக்கிற கல், அதை ஒட்டிக் கக்கூஸ் தொட்டி. தொட்டி மூடி விரிசல் விட்டு எப்போதும் கசிவுதான். லைன் வீட்டுச் சொந்தக்காரர் ஆறுச்சாமியிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. இன்னொரு வீடு பார்க்கலாம் என்றால், மசக்கைக்காரியை வைத்துக்கொண்டு உடனே எங்கே போவது?

படுத்துக்கிடந்தவள் சொன்னாள்: “எங்கம்மா இருந்தா மண்ணையே சுத்தம் பண்ணிப்போடும். எங்க ஆட்டுப்பட்டியில அப்பிடித்தான் தழைச்சாறு ஊத்திப் புழுவ ஒழிச்சுது.” என்ன தழை, எப்படி ஊற்றுவது என்றால் தெரியவில்லை. அதை மட்டும் எழுதுங்கள். வேறு எதுவும் கேட்கவில்லை.

உங்கள் மகளை என்னிடம் விட்டிருக்கிறீர்கள் என்ற நினைப்போடு,
பேச்சியம்மாள்


சாமளாபுரம்
20.8.2024

அன்புள்ள சம்பந்தியம்மாளுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் மூன்று பேரும், வரப்போகிற நாலாவது ஆளும் சுகமாக இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தைத் தறி ஓடும்போதே படித்தேன். நூல் அறுந்தது தெரியாமல் ஒரு முழம் துணி பாழ். முதலாளி கத்தியிருப்பார். எனக்குக் கேட்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் எங்கள் சம்மதமில்லாமல் உங்கள் மகனைக் கட்டிக்கொண்டு போனபோது என் வீட்டுக்காரர் சொன்னார்: “இந்த ஊட்டுல இனி அவ பேரு யாரு காதுலயும் உழுகக் கூடாது.” எனக்குத்தான் காதில் எதுவும் விழாதே. எழுதக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. அந்தச் சந்தில்தான் இப்போது நுழைகிறேன்.

ஆனால் குடோன் விலாசத்துக்கு இனி எழுதாதீர்கள். முதலாளி அவருக்குப் பங்காளி. வீட்டுக்கே எழுதுங்கள். வருகிற தபாலை அவர் பிரித்துப் படித்துவிட்டுத்தான் என்னிடம் தருவார். ஆகவே ஆட்டு விஷயமாக எழுத வேண்டும். நீங்கள் நல்லூரில் ஆடு வளர்ப்பவர், பல்லடத்துக் கால்நடை முகாமில் என்னோடு பழக்கமானவர். அவள் பேர் ‘செவலை’. பிறந்தபோது செக்கச்செவேலென்று இருந்தாள். உங்கள் லைன் வீடுதான் பட்டி.

கால்நடை உதவியாளர் தங்கதுரை சொல்லிக்கொடுத்த வழி இது. நாலு வருடமாகச் செய்கிறேன். முன்பெல்லாம் மழைக்காலத்தில் இரண்டு குட்டியாவது புழுவில் போகும். இப்போது ஒன்றும் போவதில்லை. செண்டுமல்லியை வேரோடு வாங்கி நன்றாக நசுக்குங்கள். ஒரு கை வேப்பம்புண்ணாக்கு சேர்த்து ஒரு நாள் தண்ணீரில் ஊற வையுங்கள். பனியன் துணியில் வடிகட்டி, விடிந்ததும் ஈர மண்ணில் ஊற்றுங்கள். எட்டு நாளைக்கு ஒரு தடவை, நாலு தடவை. இது மண்ணுக்கு மட்டும்தான், யார் வாயிலும் படக் கூடாது. டாக்டர் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

அவள் பெரிய மனுஷி மாதிரி பேசுவாள், ஆனால் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போய்விடுவாள். பார்த்துக்கொள்ளுங்கள். நான் பெற்றேன், நீங்கள் காப்பாற்றுகிறீர்கள்.

உங்கள்
சாமியாத்தாள்


நல்லூர்
9.9.2024

சாமளாபுரம் ஆட்டுக்காரம்மாவுக்கு,

நல்லூர் ஆட்டுக்காரி பேச்சியம்மாள் எழுதுவது. உங்கள் வீட்டில் எல்லோரும், கொட்டிலில் எல்லா ஆடும் நலம்தானே? இங்கே செவலைதான் சரியாக இல்லை.

நீங்கள் எழுதியபடியே செய்தேன். உழவர் சந்தையில் பன்னிரண்டு கட்டு மல்லி வாங்கினேன், எல்லாம் வேரோடு. அம்மியில் நசுக்கி, ஊற வைத்து, வடித்துப் பின்பக்கம் முழுவதும் ஊற்றினேன். அவ்வளவுதான், எட்டு வீடும் மணக்கிறது. “பேச்சியக்கா, என்ன தொவையலு? ஒரு கிண்ணம் குடுங்க” என்று முன்வீட்டுக்காரி வந்து நிற்கிறாள். அடுத்த வீட்டு வடக்கத்திப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “தனியா? தனியா?” என்று கேட்டாள். நான் தனியாக இருக்கிறேனா என்று கேட்கிறாள் போல என நினைத்து, “இல்ல தாயி, மகன் இருக்காம்லா, ராத்திரி வந்துருவான்” என்றேன். அவர்கள் பாஷையில் மல்லிக்குத் தனியா என்று பேராம். லைனே சிரித்தது.

மூன்று தடவை ஊற்றியாகிவிட்டது. மண்ணில் எறும்பு சேர்ந்ததுதான் மிச்சம். செவலைக்கு ரத்தம் ஏறவில்லை, ஆறரைக்கு இறங்கிவிட்டது. மறுபடியும் புழு இருக்கிறதென்று இன்னொரு தடவை மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். உதடு வெளுத்துக் கிடக்கிறது. பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. நான் எதையோ தப்பாகச் செய்கிறேன், எதுவென்று தெரியவில்லை. சீக்கிரம் எழுதுங்கள்.

இப்படிக்கு
பேச்சியம்மாள்


சாமளாபுரம்
16.9.2024

நல்லூர் ஆட்டுக்காரம்மாவுக்கு,

இங்கு ஆடுகள் சுகம், நாங்களும் சுகம். உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன், கடைசிக்கு வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. தப்பு உங்களுடையது இல்லை, என்னுடையது. செண்டுமல்லி என்றால் எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன். அது கொத்தமல்லி இல்லை அம்மா! பூ. ஆரஞ்சும் மஞ்சளுமாக உருண்டையாக இருக்குமே, ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் மெஷினுக்கெல்லாம் மாலை போடுவார்களே, அந்தச் செடி. அதன் வேரில்தான் புழுவுக்கு எமன் இருக்கிறது.

என் ஒரு சொல்லால் செவலைக்கு ஒரு மாதம் வீணாகிவிட்டது. அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

சந்தையில் பூ கிடைக்கும், வேர் கிடைக்காது. கொட்டிலைச் சுற்றி நான் நட்டது இருக்கிறது. எனக்கு முழங்கால் வலி, இருந்தாலும் ஒரு மூட்டை பிடுங்கி ஞாயிற்றுக்கிழமை காலை திருப்பூர் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். நீங்கள் உறையில் எழுதியிருந்த உங்கள் மகன் போன் நம்பரை அட்டையில் எழுதிக் கட்டியிருப்பேன், கண்டக்டர் கூப்பிடுவார். இரண்டு தடவைக்கு வரும். அதற்குப் பிறகு பார்த்துக்கொள்வோம்.

செவலைக்கு முருங்கைக்கீரை பிடிக்காது. பருப்பில் கடைந்து, என்ன கீரை என்று சொல்லாமல் கொடுத்தால் தின்னும்.

இப்படிக்கு
சாமியாத்தாள்


நல்லூர்
21.10.2024

அன்புள்ள ஆட்டுக்காரம்மாவுக்கு,

உங்கள் புண்ணியத்தில் இங்கு எல்லோரும் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நீங்கள் சொன்ன பூவுக்கு எங்கள் ஊரில் கேந்தி என்று பேர். கேந்தி என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் பன்னிரண்டு கட்டு மல்லி குழம்புக்காவது ஆகியிருக்கும். போகட்டும். ஒரு மூட்டை என்று சொல்லிவிட்டு நாலு மூட்டை அனுப்பியிருக்கிறீர்களே, எப்படி நன்றி சொல்வேன்? எட்டு நாளைக்கு ஒன்று, அதே பஸ், அதே கண்டக்டர். வேரில் ஒட்டிய மண்ணைக்கூடக் கழுவி, வெள்ளை நூலில் சின்னச் சின்னக் கட்டாகக் கட்டியிருந்தது. அந்த முடிச்சை என் மகனால் அவிழ்க்க முடியவில்லை. கத்தரியால்தான் வெட்டினோம்.

இப்போது நான் தனியாக ஊற்றுவதில்லை. கம்பெனியில் பூஜை முடிந்ததும் முன்வீட்டுக்காரி காய்ந்த மாலையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தாள். வடக்கத்திப் பெண் வடிகட்டுகிறாள், கட்டிங்கில் மிஞ்சிய பனியன் துணி அதற்குத்தான் பிறந்தது போல இருக்கிறது. செவலைக்கு ரத்தம் ஏழரை. ஏற ஆரம்பித்துவிட்டது.

ஆனால் ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம் தாங்கவில்லை. செவலை செருப்பு போட மாட்டேன் என்கிறது! லைனில் எல்லோரும் செருப்போடுதான் பின்னால் போகிறார்கள், இது மட்டும் வெறுங்கால். மறதி என்று இத்தனை நாளாக நினைத்திருந்தேன். நேற்று டாக்டரம்மா திட்டியபோதுதான் வாயைத் திறந்தது. மூன்று வருடமாக வேண்டுதலாம். அப்பா என்றைக்குப் பேசுகிறாரோ அன்றைக்குத்தான் காலில் செருப்பு என்று மாரியாத்தாளிடம் சொல்லிவிட்டதாம். இசக்கி வாங்கி வந்த இரண்டு ஜோடி பரணில் கிடக்கிறது. நான் எத்தனை குடம் ஊற்றினாலும் ஒரு புழு தப்பாதா? அந்தக் கால் வழியாக ஏறாதா? அழுதும் பார்த்தேன், அதட்டியும் பார்த்தேன். “சாமி விஷயமுங்க அத்தை” என்று ஒரே பதில்.

என் மனத்தில் இருந்ததைக் கொட்டிவிட்டேன். தப்பாக நினைக்காதீர்கள்.

பேச்சியம்மாள்


சாமளாபுரம்
4.11.2024

ஆட்டுக்காரம்மாவுக்கு,

தீபாவளி நல்லபடியாகப் போயிருக்கும் என்று நம்புகிறேன். இங்கு ஒரு சட்டி எண்ணெய் வைத்தேன், இரண்டு பேருக்கு எதற்கு இவ்வளவு என்று பாதியில் இறக்கிவிட்டேன்.

ஆடு எங்கேயாவது செருப்பு போடுமா, அம்மா? அந்தக் கடிதத்தை அவர் கையிலிருந்து வாங்கியபோது எனக்கு உயிர் இல்லை. படித்துவிட்டு, இருந்த மாதிரியே மடித்துக் கொடுத்தார். முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் வரை கொட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார். ஆட்டுக்குத் தண்ணீர் வைக்க மறந்துவிட்டார். இருபது வருடத்தில் அவர் மறந்து நான் பார்த்ததில்லை.

வேண்டுதல் விஷயம் எனக்கு இதுவரை தெரியாது. பெற்றவளுக்குத் தெரியாமல் மூன்று வருடம் வெறுங்காலில் நடந்திருக்கிறது. இதைப் பற்றி எழுதினால் நான் எழுதிக்கொண்டே இருப்பேன், அதனால் நிறுத்துகிறேன்.

மூட்டைக்கு நன்றி சொல்லியிருந்தீர்கள். நான் அனுப்பியது ஒன்றுதான். முழங்கால் வீங்கிவிட்டதால் அதற்குப் பிறகு என்னால் பஸ் நிறுத்தம் வரை போக முடியவில்லை. நான் கட்டியது சணல் கயிற்றில். மற்ற மூன்றும் யார் அனுப்பியது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் எழுத மாட்டேன்.

கொட்டிலைச் சுற்றி இருந்த செண்டுமல்லி ஒரு செடிகூட இல்லை. புது நாற்று நட்டிருக்கிறது. அதையும் நான் நடவில்லை.

சாமியாத்தாள்


நல்லூர்
28.11.2024

அன்புள்ள ஆட்டுக்காரம்மாவுக்கு,

முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறீர்களா? மழையில் நிற்காதீர்கள்.

போன வாரம் ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார். “பேச்சியம்மா ஊடு இதுங்களா? நான் தங்கதுரை, பல்லடத்துல கால்நடைல இருக்கறனுங்க. மண்ணப் பாத்துட்டு வரச் சொன்னாங்க” என்றார். ஆடு எங்கே என்று கேட்டால் எதைக் காட்டுவது? ஆனால் அவர் கேட்கவே இல்லை. நேராகப் பின்பக்கம் போனார். சாறு ஊற்றிய இடத்தில் ஒரு பிடி மண், மதிலுக்கு அப்பால் ஊற்றாத இடத்தில் ஒரு பிடி மண். இரண்டையும் நம் பனியன் துணியிலேயே பொட்டலமாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் தொங்கவிட்டார். புழு இருந்தால் துணி வழியாக இறங்கி அடியில் சேருமாம். மறுநாள் அந்தத் தண்ணீரைக் கொண்டுபோய் லென்ஸில் பார்த்துவிட்டுப் போன் செய்தார். ஊற்றாத மண்ணில் எண்ணி மாளவில்லையாம். ஊற்றிய மண்ணில் மூன்றே மூன்று.

“ஆனா தொட்டி கசிஞ்சா மறுபடியும் வருமுங்க, சாறு மட்டும் பத்தாது” என்றும் சொன்னார். அதை அப்படியே ஆறுச்சாமி முன்னால் எட்டு வீட்டுப் பெண்களும் போய் நின்று சொன்னோம். புது மூடி போட்டாகிவிட்டது, குழாயும் மாற்றியாகிவிட்டது. நர்ஸம்மா வந்து எல்லோருக்கும் மாத்திரை கொடுத்தார்.

செவலைக்கு ரத்தம் எட்டு தொண்ணூறு. உதட்டில் நிறம் வந்துவிட்டது. நேற்று என்னோடு சண்டைகூடப் போட்டது, முருங்கைக்கீரையைக் கண்டுபிடித்துவிட்டது. அந்தச் சண்டையைக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

தங்கதுரையை அனுப்பியது யாராக இருந்தாலும் அவர் வீடு நன்றாக இருக்க வேண்டும். டீ குடிக்கும்போது அவர் செவலையின் காலைப் பார்த்தார்.

நன்றியோடு
பேச்சியம்மாள்


நல்லூர்
18.12.2024

ஆட்டுக்காரம்மாவுக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. உங்களுக்கு உடம்பு சரியில்லையா? இல்லை, நான் செருப்பு என்று எழுதியதால் உங்களுக்கு ஏதாவது சங்கடமா? அப்படியென்றால் என் கையைத்தான் வெட்ட வேண்டும்.

செவலைக்கு நாள் நெருங்குகிறது. ரத்தம் ஒன்பது முப்பதில் நிற்கிறது. பத்து வந்துவிட்டால் கவலை இல்லை என்கிறார்கள். இன்னும் வெறுங்கால்தான்.

ஒரு வரி போதும், எழுதுங்கள்.

பேச்சியம்மாள்


சாமளாபுரம்
27.12.2024

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாளுக்கு,

ராசப்பன் எழுதுவது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கு சாமியாத்தாள் சுகம். முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது.

உங்கள் கடைசி இரண்டு கடிதமும் அவள் கைக்குப் போகவில்லை. நான்தான் எடுத்து வைத்துக்கொண்டேன். இதற்குப் பதில் நான்தான் எழுத வேண்டும் என்று பட்டது. எழுத உட்கார்ந்தால் முதல் வரிக்கே ஒரு மாதம் ஆகிவிட்டது.

நான் ஆடு மேய்க்கிறவன். திருப்பூர் நல்லூரில் லைன் வீட்டில் ஆடு கட்ட யார் விடுவார்கள்? உங்கள் முதல் ஆட்டுக் கடிதம் வந்த அன்றைக்கே தெரியும். வெள்ளாட்டுக்கு யாராவது முருங்கைக்கீரையைப் பருப்பில் கடைந்து கொடுப்பார்களா? அவள் எழுதியதையும் தபால்பெட்டியில் போடுவதற்கு முன் படித்தேன். படிப்பது தப்புதான். இந்த வீட்டில் பேர் கேட்கக் கூடாது என்று சொன்னது நான். அதற்குப் பிறகு அந்தப் பேரைக் கேட்க எனக்கு வேறு வழி இல்லாமல் போய்விட்டது.

மூட்டை மூன்றும் என்னுடையது. முடிச்சு சாமியாத்தாளிடம் பழகிய தறி முடிச்சு, கையால் அவிழாது. மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள். தங்கதுரையிடம், ஆட்டைப் பற்றிக் கேட்காதே, மண்ணை மட்டும் பார் என்று சொல்லி அனுப்பினேன். திரும்பி வந்தவன், “காலு வெடிச்சுக் கெடக்குதுங்க மாமா” என்றான். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை.

மண்ணில் இருந்த புழுவைக் கொல்ல நீங்கள் இரண்டு பேரும் குடம் குடமாக ஊற்றினீர்கள். அது ஏறுவதற்கு வழி வைத்தவன் நான். என் மகளைத் தூக்கி நிறுத்தியது நீங்கள். நான் உங்களை ஒரு தடவைகூட வாருங்கள் என்று கூப்பிட்டதில்லை. உங்கள் மகனைப் பற்றி நான் பேசிய பேச்சுக்கெல்லாம் இப்போது வெட்கப்படுகிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

கீழே இருப்பதை அவளிடம் படிக்கக் கொடுங்கள்.

நிர்மலா, கண்ணு, அப்பா எழுதறேன். உங்கம்மா நாலு மாசமா எழுத்து வேற பேச்சு வேறன்னு சொல்லி என்னைய ஏமாத்தீட்டா. எழுதுனாலும் பேசுனதுதான். நான் பேசீட்டேன் சாமி. வர்ற ஞாயித்துக்கெழமை பஸ்ல ஒரு மூட்டை வரும். செண்டுமல்லிக்கு அடியில ஒரு பெட்டி இருக்கும். எடுத்துக் காலுல போட்டுட்டுத்தான் பின்னால போகோணும்.

இப்படிக்கு
ராசப்பன்


நல்லூர்
20.1.2025

அன்புள்ள சம்பந்தி, சம்பந்தியம்மாள் இருவருக்கும்,

பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் உங்களுக்குப் பேத்தி பிறந்ததை இசக்கிமுத்து போனில் சொல்லிவிட்டான். ஆனால் சம்பந்தியம்மாளுக்குப் போன் கேட்டிருக்காது, அதனால் நான் முறையாக எழுதுகிறேன். சுகப் பிரசவம். இரண்டு கிலோ எழுநூறு. அம்மா மாதிரியே செக்கச்செவேல். உள்ளே போகும்போது நிர்மலாவுக்கு ரத்தம் பத்து நாற்பது. எடுத்து வைத்திருந்த ரத்தப் பாட்டில் வேண்டியிருக்கவில்லை. டாக்டரம்மா என் கையைப் பிடித்து, “நல்லாப் பாத்துக்கிட்டீங்க” என்றார். நான் மட்டும் இல்லை, சாமளாபுரத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்றேன்.

சம்பந்தி, போனில் நீங்கள் “சாமி” என்று சொன்னதற்குப் பிறகு அவளும் பேசவில்லை, நீங்களும் பேசவில்லை, ஏழு நிமிடம் லைன் ஓடியது என்று இசக்கி சொல்கிறான். பேசாமல் இருந்ததற்கும் நன்றி. அவள் அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினாள். தாயையும் பிள்ளையையும் அழைத்துப்போக நீங்கள் வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமைக்கு நான் கொழுக்கட்டை செய்து வைக்கிறேன். மல்லித் துவையலும் உண்டு. இந்தத் தடவை தின்பதற்கு.

பின்பக்கம் துவைக்கிற கல்லைச் சுற்றிக் கேந்தி நட்டுவிட்டோம். மன்னிக்கவும், செண்டுமல்லி. எட்டு வீட்டுக்கும் தண்ணீர் விடுகிற முறை பிரித்தாகிவிட்டது.

செருப்பு விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் ஐந்தாம் நம்பர் வாங்கியிருக்கிறீர்கள். உங்கள் ஞாபகம் சரிதான், அவள் வீட்டை விட்டு வந்தபோது அந்த அளவுதான் இருந்திருக்கும். இப்போது பிள்ளை பெற்ற வீக்கம், குதிகால் ஒரு விரல் வெளியே நிற்கிறது. பரணில் பெரியது இரண்டு ஜோடி இருக்கிறது, எடுத்துத் தரட்டுமா என்று கேட்டேன். முறைக்கிறாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தபோதும் கழற்றவில்லை. நர்ஸம்மா திட்டியதற்கு, “எங்கப்பா வாங்கிக் குடுத்ததுங்க” என்றாள்.

உங்கள்
பேச்சியம்மாள்